‘மேக்’ டீ போடும், குழம்பு வைக்கும், தோசை சுடும்

கேள்வி இது: “‘மேக்’, ‘டூ’ இரண்டுக்கும் ‘செய்’ என்றுதான் நாங்கள் படித்தோம். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ‘ஐ டிட் எ மிஸ்டேக்’ என்று எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டு ‘மேட்’ என்று திருத்தியிருக்கிறார். ‘ஷி வில் மேக் எ குட் டீச்சர்’ என்பதை அவள் ‘அவள் ஒரு நல்ல ஆசிரியரைச் செய்வாள்’ என்று தமிழில் எழுதியிருக்கிறாள். தப்பு என்று தெரிகிறது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. ‘மேக்’ என்பதற்கு என்னதான் பொருள்?”

உங்கள் மகள் மேல் குற்றமே இல்லை. ‘மேக் என்றால் செய்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோமே, கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. நான் இருபது வருடமாக மொழிபெயர்ப்பு வேலையில் இருக்கிறேன். பெரிய பெரிய கலைச்சொல்லெல்லாம் அகராதியைப் பார்த்தால் தீர்ந்துவிடும். இந்த நாலெழுத்துச் சொல்லிடம்தான் இன்னும் தடுக்கி விழுகிறேன்.

சமையலறையிலிருந்து ஆரம்பிப்போம். ஆங்கிலம் பேசுகிறவர் டீயை ‘மேக்’ செய்வார், குழம்பை ‘மேக்’ செய்வார், இட்லி, தோசை, சட்னி, முறுக்கு, ஊறுகாய் எல்லாவற்றையும் ‘மேக்’ செய்வார். நாம்? டீ போடுகிறோம். குழம்பு வைக்கிறோம். இட்லி அவிக்கிறோம். தோசை சுடுகிறோம், சில வீடுகளில் ஊற்றுகிறோம், இன்னும் சில வீடுகளில் வார்க்கிறோம். சட்னி அரைக்கிறோம், முறுக்கு பிழிகிறோம், அப்பளம் பொரிக்கிறோம், தயிருக்கு உறை ஊற்றுகிறோம், சோறு வடிக்கிறோம். ஊறுகாயும் வத்தலும் போடுகிறோம். ஆங்கிலத்திலும் வறுப்பதற்கும் பொரிப்பதற்கும் தனித்தனி வினைகள் உண்டு; ஆனால் சாதாரணப் பேச்சில் ‘மேக்’ ஒன்றை வைத்தே நாள் முழுக்க ஓட்டிவிடலாம். தமிழில் ‘நான் குழம்பு செய்தேன்’ என்றால் புரியும், ஆனால் சொல்கிறவருக்குச் சமையலறைப் பக்கம் பழக்கமில்லையோ என்று தோன்றும்.

சமையலைத் தாண்டினாலும் இதே கதைதான். பானையை வனைகிறோம், அந்த வினை பானைக்கென்றே இருப்பதுபோல இருக்கிறது. துணி நெய்கிறோம், கூடை முடைகிறோம், கயிறு திரிக்கிறோம், செங்கல் அறுக்கிறோம், மாலை தொடுக்கிறோம் அல்லது கட்டுகிறோம், வீடு கட்டுகிறோம், ரோடு போடுகிறோம், கோலமும் போடுகிறோம். கல்லில் சிலையைச் செதுக்குகிறோம், சுவாமிமலையில் ஐம்பொன்னில் வார்க்கிறார்கள். படம் எடுக்கிறோம், சட்டம் இயற்றுகிறோம், உயில் எழுதுகிறோம். ஆங்கிலக்காரர் இத்தனையிலும் ‘மேக்’ போடலாம். கடைசியில் என்ன கிடைத்தது என்பதுதான் அந்தச் சொல்லுக்கு முக்கியம். கை எப்படி அசைந்தது, பிசைந்ததா, பின்னியதா, ஊற்றியதா என்பதைத் தமிழ் வினையே சொல்லிவிடுகிறது.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. சமீப காலமாகத் தமிழில் ‘உருவாக்கு’ என்று ஒரு தொற்று பரவியிருக்கிறது. ‘தேநீர் உருவாக்கினாள்’, ‘சத்தத்தை உருவாக்காதீர்கள்’, ‘நண்பர்களை உருவாக்குங்கள்’. எல்லாம் ‘மேக்’கின் நிழல்கள். டீ போட்டாள், சத்தம் போடாதீர்கள், நாலு பேரோடு பழகுங்கள், அவ்வளவுதான். நிறுவனத்தை உருவாக்கலாம், திட்டத்தை உருவாக்கலாம். தேநீரை விட்டுவிடுங்கள், பாவம்.

சரி, அப்படியானால் ‘மேக்’குக்குத் தமிழில் நெருங்கிய உறவே கிடையாதா? உண்டு, அது ‘செய்’ அல்ல, ‘ஆக்கு’. கிராமத்தில் ‘சோறாக்கியாச்சா?’ என்று கேட்பார்கள். ‘ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலையாம்’ என்பார்கள். அரிசி சோறு ஆகிறது. நாம் அதை ஆக்குகிறோம். ஒன்று இன்னொன்றாக மாறுகிறது, அல்லது இல்லாதது உண்டாகிறது. ‘மேக்’கின் அடிப்படைக் கருத்து இதுதான்.

பழைய தமிழ் பைபிளை மொழிபெயர்த்தவர்கள் இதை நன்றாகவே பிடித்திருக்கிறார்கள். ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் ஆங்கிலம் ‘கிரியேட்’ என்கிறது; தமிழில் ‘தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்’. அதே அதிகாரத்தின் 26-ஆம் வசனத்தில் ஆங்கிலம் ‘மேக்’ என்று மாறுகிறது; தமிழும் ‘மனுஷனை உண்டாக்குவோமாக’ என்று மாறுகிறது. உண்டு ஆக்கு. ‘மனுஷனைச் செய்வோமாக’ என்று எழுதவில்லை பாருங்கள்.

சொல்லின் வரலாற்றையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். பழைய ஆங்கிலத்தில் இது ‘மாகியான்’. ஜெர்மன் மொழியின் ‘மாஹென்’ இதற்கு உடன்பிறப்பு. இறந்தகாலம் ஒரு காலத்தில் ‘மேக்ட்’ என்பதுபோல ஒழுங்காகத்தான் இருந்தது. நடுவிலிருந்த ‘க்’ தேய்ந்து ‘மேட்’ ஆகிவிட்டது. ஆதி வேருக்குப் பிசைதல் என்ற பொருள் இருந்திருக்கலாம் என்று சொல்லாய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஸ்காட்லாந்தில் கவிஞருக்கே ‘மாக்கர்’, அதாவது ஆக்குபவர், என்று பெயர். 2004 முதல் அந்நாட்டின் தேசியக் கவிஞர் பதவிக்கும் அதுதான் பெயர். நமக்கு இது புதிதில்லை. செய்யப்படுவது ‘செய்யுள்’. நூலுக்குப் பாயிரம் எழுதும்போது சொல்லவேண்டியவற்றை நன்னூல் வரிசைப்படுத்தும்போது முதலில் நிற்பது ‘ஆக்கியோன் பெயர்’.

இப்போது உங்கள் மகளின் ‘மிஸ்டேக்’குக்கு வருவோம். ‘டூ’ என்பது செயலைப் பார்க்கிறது. ‘மேக்’ செயலின் முடிவில் மிஞ்சுவதைப் பார்க்கிறது. பாத்திரம் கழுவுவது, துணி துவைப்பது, ஹோம்வொர்க், உடற்பயிற்சி எல்லாம் ‘டூ’. வேலை ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் அதை முடிக்கிறீர்கள். தவறு அப்படி முன்கூட்டியே மேசைமேல் காத்திருக்கவில்லை. நீங்கள் எழுதுவதற்கு முன் அந்தத் தாளில் தவறு இல்லை. எழுதிய பிறகு இருக்கிறது. நீங்கள் உண்டாக்கியது. அதனால் ‘மேக் எ மிஸ்டேக்’. அதேபோல சத்தம், வாக்குறுதி, முடிவு, லாபம், குழப்பம் எல்லாம் ‘மேக்’.

இந்த விதி முக்கால்வாசி இடத்தில் கைகொடுக்கும். மீதிக் கால்வாசியில் கைவிடும், அதையும் சொல்லிவிட வேண்டும். முடிவை நாம் ‘எடுக்கிறோம்’. அமெரிக்கர் ‘மேக் எ டிசிஷன்’ என்பார், பிரிட்டிஷ்காரர் ‘டேக் எ டிசிஷன்’ என்றும் சொல்வார், அது தமிழோடு அச்சாகப் பொருந்துகிறது. படுக்கையை ‘மேக்’ செய்வது என்றால் தச்சுவேலை இல்லை, தூங்கி எழுந்த படுக்கையை உதறி விரித்துச் சீராக்குவது. உதவியை மட்டும் எப்போதும் ‘டூ எ ஃபேவர்’ என்றுதான் சொல்வார்கள். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். இதையெல்லாம் இரண்டிரண்டு சொற்களாகச் சேர்த்தே மனப்பாடம் செய்வதுதான் வழி. நம் பிள்ளைகளுக்கு இது கூடுதல் கஷ்டம், ஏனென்றால் பேச்சுத்தமிழில் ‘பண்ணு’ என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்க்கிறது. போன் பண்ணு, கல்யாணம் பண்ணு, ட்ரை பண்ணு, தப்புப் பண்ணு.

தமிழ் அறிந்தவருக்குச் சுலபமான ஓர் இடமும் இருக்கிறது. ‘மேட் ஆஃப்’, ‘மேட் ஃப்ரம்’ வித்தியாசம். மரத்தால் ஆன நாற்காலி. பார்த்தாலே மரம் தெரிகிறது, ‘மேட் ஆஃப்’. பாலிலிருந்து எடுத்த வெண்ணெய். பால் உருமாறிவிட்டது, ‘மேட் ஃப்ரம்’. நம் ‘ஆல்’ உருபும் ‘இலிருந்து’ம் கிட்டத்தட்ட அதே வேலையைப் பார்க்கின்றன.

‘மேக்’கின் இன்னொரு பெரிய வேலை, ஒருவரை ஒன்றைச் செய்ய வைப்பது. ‘ஹி மேட் மீ லாஃப்’: என்னைச் சிரிக்க வைத்தான். இங்கேதான் தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் அதிகம் பார்க்கும் தவறு வருகிறது: ‘ஹி மேட் மீ டு வெயிட்’. காரணம் எளிது. ‘காத்திருக்க வைத்தான்’ என்று மனதில் ஓடுகிறது. ‘காத்திருக்க’ என்றால் ‘டு வெயிட்’ என்று பள்ளியில் படித்தோம், ஆகவே ‘டு’ வந்து ஒட்டிக்கொள்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் அந்த ‘டு’ கூடாது, ‘ஹி மேட் மீ வெயிட்’. ஆனால் வாக்கியத்தைச் செயப்பாட்டுவினையாகத் திருப்பினால் ‘டு’ திரும்பி வந்துவிடும்: ‘ஐ வாஸ் மேட் டு வெயிட்’.

இந்தத் தவறைச் செய்கிறவர்களுக்கு ஓர் ஆறுதல். 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் 23-ஆம் சங்கீதம், தேவன் என்னைப் பசும்புல்வெளியில் படுக்க வைக்கிறார் என்று சொல்லும் இடத்தில் ‘மேக்கத் மீ டு லை டவுன்’ என்றே எழுதியிருக்கிறது. நானூறு வருடம் முன்னால் பிறந்திருந்தால் உங்கள் ‘டு’வை யாரும் சிவப்பு மையில் சுழித்திருக்க மாட்டார்கள். அதே இடத்தில் தமிழ் பைபிள் ‘புல்லுள்ள இடங்களில் மேய்த்து’ என்கிறது. ஆடு மேய்ந்தது, ஆயன் மேய்த்தான். ஒரு மெய்யெழுத்தை மாற்றினால் போதும், தமிழில் ‘மேக்’கே தேவைப்படுவதில்லை. திரும்பு–திருப்பு, உருள்–உருட்டு, ஆடு–ஆட்டு, எல்லாம் இந்த வகைதான். இலக்கண வகுப்பில் தன்வினை, பிறவினை என்று கொட்டாவி விட்டுக்கொண்டு படித்தோமே, அது இதுதான்.

இதில் இன்னொரு பள்ளமும் இருக்கிறது, நானே விழுந்தது. தமிழ் ‘வை’யில் கட்டாயம் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ‘வந்தவரை உட்கார வைத்து காபி கொடுத்தோம்’ என்றால் அது மரியாதை, உபசாரம். ஆங்கில ‘மேக்’ அப்படியல்ல; ஓர் ஆளை இன்னது செய்ய வைப்பதாகச் சொன்னால், அவருக்கு வேறு வழியில்லை என்ற தொனி பெரும்பாலும் கூடவே வரும். வேலைக்கு வந்த புதிதில் ஒரு குடும்ப வரலாற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தேன். திருமண வீட்டில் ‘வந்தவர்களையெல்லாம் சாப்பிட வைத்து அனுப்பினார்கள்’ என்ற வரிக்கு ‘தே மேட் தெம் ஈட்’ என்று போட்டிருந்தேன். பிரதியைத் திருத்திய எடிட்டர் அம்மா ஓரத்தில் பென்சிலால் எழுதி அனுப்பினார்: ‘இவர்கள் விருந்தாளிகளா, கைதிகளா?’ அப்புறம் ‘யாரும் சாப்பிடாமல் போகக்கூடாது என்று பார்த்துக்கொண்டார்கள்’ என்ற பொருள் வரும்படி மாற்றினேன். அதுபோல ‘ஐ மேட் ஹிம் சிட்’ என்பது போலீஸ் ஸ்டேஷன் வாக்கியம். வீட்டுக்கு வந்தவரை ‘ஆஸ்க்’ செய்துதான் உட்காரச் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் மகளின் இரண்டாவது வாக்கியம். ஒருவரை ஒரு நிலைக்கு உயர்த்துவதற்கும் மாற்றுவதற்கும் ‘மேக்’ வரும். ‘தே மேட் ஹிம் கேப்டன்’, அவரைக் கேப்டன் ஆக்கினார்கள். ‘இட் மேட் மீ ஹேப்பி’, அது என்னை மகிழ்ச்சியாக்கியது; இயல்பாகச் சொன்னால், அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். இங்கே ‘ஹேப்பிலி’ போடக்கூடாது, ஆளின் நிலையைத்தான் சொல்கிறோம். ஆனால் ‘ஷி வில் மேக் எ குட் டீச்சர்’ என்பதில் யாரும் யாரையும் ஆக்கவில்லை. அவளே ஆகிறாள். ‘அவள் நல்ல ஆசிரியை ஆவாள்’, அதற்கான குணம் அவளிடம் இருக்கிறது என்று பொருள். அதாவது ‘மேக்’ சில சமயம் ‘ஆக்கு’ இல்லை, ‘ஆகு’. ‘டூ அண்ட் டூ மேக் ஃபோர்’ என்பதும் இந்த ‘ஆகு’தான். இரண்டும் இரண்டும் நாலு. தமிழுக்கு அங்கே வினைச்சொல்கூட வேண்டாம்.

இத்தோடு நின்றால் பரவாயில்லை. ரயிலைப் பிடித்தாலும் ‘மேக்’, அணியில் இடம் பிடித்தாலும் ‘மேக்’, கிரிக்கெட்டில் நூறு அடித்தாலும் ‘மேக்’, பணம் சம்பாதித்தாலும் ‘மேக்’. ‘மேக் இட்’ என்று வந்தால் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். விருந்துக்கு வரமுடிந்ததா, வாழ்க்கையில் ஜெயித்தானா, உயிர் பிழைத்தானா என்று மூன்றையும் அது குறிக்கும். ஓர் ஆங்கிலப் படத்தில் டாக்டர் அறுவை அறையிலிருந்து வெளியே வந்து ‘ஹி டிடிண்ட் மேக் இட்’ என்று தலையைக் குனிகிறார். கீழே தமிழில் ‘அவர் அதைச் செய்யவில்லை’ என்று எழுத்து ஓடியது. மனைவி பாத்திரம் அழுகிறது, தமிழ் படிக்கிற நான் சிரிக்கிறேன்.

பின்னொட்டுகளில் ‘மேக் அப்’ ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். முகத்துக்குப் போடுவது நமக்குத் தெரிந்த மேக்கப். கதை கட்டுவதும் மேக் அப். சண்டை போட்டவர்கள் மறுபடி ராசியாவதும் மேக் அப். இழந்த நேரத்தை ஈடுகட்டுவதும், ஒரு முடிவுக்கு மனதைத் தயார்செய்வதும்கூட. பார்ப்பதற்குச் சம்பந்தமில்லாத ஐந்து பொருள்கள் போலத் தோன்றும். ‘அப்’ என்பதை ‘குறையில்லாமல், முழுசாக’ என்று எடுத்துக்கொண்டு பாருங்கள்: முகத்தில் இருக்கும் குறையை நிரப்புகிறோம், உறவில் விழுந்த இடைவெளியை நிரப்புகிறோம், போன நேரத்தை நிரப்புகிறோம், உண்மை இல்லாத இடத்தைக் கற்பனையால் நிரப்புகிறோம். மற்றவை சுருக்கமாக: ‘மேக் அவுட்’ என்றால் மங்கலாகத் தெரிவதை இனங்கண்டுகொள்வது, காசோலை எழுதுவது, அமெரிக்க இளசுகள் வாயில் வந்தால் முத்தமிடுவது, எனவே இடம் பார்த்துப் பயன்படுத்தவும். ‘மேக் ஆஃப்’ (make off, இரண்டு ‘f’) நழுவி ஓடுவது. ‘மேக் சென்ஸ்’ என்பதை ‘உணர்வை உருவாக்குகிறது’ என்று யாராவது எழுதினால் இயந்திரம் எழுதியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ‘சரியாத்தான் படுது’ என்பது நம் வழக்கு. ‘வாட் டு யூ மேக் ஆஃப் இட்?’ என்றால் ‘இதை நீங்க எப்படிப் பார்க்கிறீங்க?’

‘மேக்’ பெயர்ச்சொல்லாகவும் வரும், வண்டி விற்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும்: ‘எந்த மேக் வண்டி?’ என்றால் எந்தக் கம்பெனி தயாரிப்பு என்று அர்த்தம். ரெடிமேட் துணிக்கடை, ஹோம்மேட் மசாலா என்று ‘மேட்’டும் ஊருக்குள் வந்துவிட்டது. இதில் ஒரு வேடிக்கை, ரெடிமேட்டின் ‘மேட்’டும் ரூம்மேட்டின் ‘மேட்’டும் ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்து, வேறு வேறு ஒலி, தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றே. பிள்ளைகள் எழுத்துப்பிழை விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொருள்களின் முதுகில் இருக்கும் ‘மேட் இன்’ முத்திரைக்கு ஒரு சுவையான பின்னணி உண்டு. ஜெர்மன் கத்திகள், கத்திக்குப் பேர்போன இங்கிலாந்து நகரமான ஷெஃபீல்டின் சரக்கு போல வேஷம்போட்டு விற்கப்படுவதாகப் பிரிட்டிஷ் உற்பத்தியாளர்கள் புலம்ப, 1887-இல் பிரிட்டன் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் விளைவாக ‘மேட் இன் ஜெர்மனி’ என்று பொறிக்க வேண்டிவந்தது. மட்டமான சரக்கு என்று ஜனங்கள் ஒதுக்குவார்கள் என்பது எண்ணம். சில பத்தாண்டுகளிலேயே அந்த முத்திரை தரத்துக்கு அடையாளமாகிவிட்டது. நம் ஊரில் 2014 செப்டம்பர் 25 அன்று தொடங்கிய திட்டத்தின் பெயர் ‘மேக் இன் இந்தியா’. பலர் அதை ‘மேட் இன் இந்தியா’ என்றே சொல்கிறார்கள். ‘மேட்’ என்றால் இந்தியாவில் தயாரானது என்ற தகவல். ‘மேக்’ என்றால் இந்தியாவுக்கு வந்து தயாரியுங்கள் என்ற அழைப்பு, ஏவல்வினை. இங்கே ‘மேக்’குக்குச் சரியான தமிழ் ‘தயாரி’. செய்யும் இல்லை, ஆக்கும் இல்லை.

உங்கள் மகள் அடுத்து எப்படியும் ஒன்றைக் கேட்பாள், இப்போதே சொல்லிவைக்கிறேன். ‘மேக்’கும் ‘டூ’வும் வேறு வேறு என்று இவ்வளவு நேரம் பேசினோம், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ‘மேக் டூ’ என்றும் வரும். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனில் 1941 முதல் துணிக்கும் ரேஷன் இருந்தது. 1943-இல் அரசாங்கம் ‘மேக் டூ அண்ட் மெண்ட்’ என்று ஒரு கையேடே போட்டது, பழைய கோட்டுக்கு எப்படி ஒட்டுப்போடுவது, கிழிந்த கம்பளியை எப்படிப் பின்னுவது என்றெல்லாம் சொல்லி. இருப்பதை வைத்துச் சமாளிப்பது என்று பொருள். அவளிடம் ‘ஒப்பேத்துறது’ என்று சொல்லுங்கள், உடனே புரிந்துவிடும்.